வெளியிடத் தளபாடத்திற்குரிய தெளிபூச்சு

தாம் பயின்ற கல்லூரிக்கு வாங்குகள் வழங்குதல் பழைய மாணவரிடை உள்ள நல்வழக்கம். வழங்கிய நாளிற் கண்ணாடிபோல் மின்னிய வாங்கு, இரண்டு மாரி கழியுமுன் தோலுரிந்து நரைத்து நிற்றலும் உண்டு. குற்றம் மரத்தினதன்று, பூச்சைத் தெரிந்த முறையினதே. ஆதலின் இப்பொருளைச் சிறிது ஆராய்வாம்.

வன்னிக் காட்டு மரங்களுள் பாலையும் முதிரையும் உறுதியிற் சிறந்தவை. இலங்கை முதிரை 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இங்கிலாந்து சென்று, செல்வர் மாளிகைகளில் அழகிய மேசைகளும் அலுமாரிகளும் ஆயிற்று. அவை வீட்டினுள் இருந்தவை. வெளியில் வைக்கும் வாங்கிற்கோ பகைவர் இருவர்: வெயிலும் ஈரமும்.

தெளிபூச்சு மரத்தின் நிறத்தைக் காட்டுவது. ஒளியையும் உள்ளே விடுவது. வெயிலிலுள்ள கழியூதாக் கதிர்கள் பூச்சினூடு சென்று, மரநார்களைப் பிணைக்கும் இலிக்னினைச் சிதைக்கும். பிடிப்பிழந்த பூச்சு உரியும். மேலும், மரம் மாரியில் ஈரமுண்டு விரியும். சோளகம் வீசும் கோடையிற் சுருங்கும். அவ்வசைவிற்கு இணங்காத பூச்சு வெடிக்கும். வெடிப்பிற் புகுந்த நீர் உள்ளே தங்கும்.

இனி, பூச்சு வகைகளை நோக்குவாம். மதுசாரத்திற் கரைத்த அரக்குப் பூச்சு நீர்பட்டால் வெளிறும். அது வீட்டிற்கே உரியது. அறைத் தளபாடத்திற்குரிய கடினமான வார்னிசு வெளியில் விரைவில் வெடிக்கும். கப்பலின் பாய்மரத்திற்கென ஆக்கப்பட்ட ஸ்பார் வார்னிசில் எண்ணெய் மிகுதி; ஆதலின் அது மரத்தோடு சிறிது நெகிழும். கழியூதாக் கதிரைத் தடுக்கும் பொருள் சேர்ந்ததையே வாங்குக. விறாந்தையில் உள்ள கதிரைக்கு இது தக்கது.

முற்றத்தில் நாள் முழுதும் வெயிலுண்ணும் வாங்கிற்கு, ஆளிவிதை எண்ணெயை அடியாகக் கொண்ட, பூஞ்சணம் தடுக்கும் மரவெண்ணெயே நன்று. அது தரும் காப்புச் சிறிதேயெனினும், தோலாக உரிவதில்லை, புதுப்பித்தலும் எளிது. சிறிது காவி கலந்தது முற்றுந் தெளிந்ததினும் நீடிக்கும். பாலை போன்ற செறிந்த மரம் எண்ணெயைக் குறைவாகவே உறிஞ்சும். மெல்லப் பூசி, மிஞ்சியதைத் துடைத்துவிடுக. துடைத்த துணியைச் சுருட்டி எறியற்க. அது தானே சூடேறித் தீப்பற்றும். விரித்து உலர்த்துக.

பூசுதற்குரிய காலம், மரம் நன்கு காய்ந்திருக்கும் ஆவணி, மாரிக்கு முன். வார்னிசு ஒளிமங்கியவுடன், வெடிக்குமுன், அரத்தாளால் மெல்லத் தேய்த்து மீண்டும் பூசுக. உரிந்தபின் முழுவதையும் நீக்கவேண்டி வரும். முதிரைத் தூள் சிலரது தோலில் அழற்சி உண்டாக்குமாதலின் மூக்கையும் கைகளையும் மூடிக்கொள்க. நீரை மிகுதியாக உறிஞ்சுவது கால்களின் அடிமுனை. அதனை மறவாது பூசுக. தெளிபூச்சுக் கறையானைத் தடுக்குமென நம்பியிராது, கால்களைக் கல்லின்மேல் நிறுத்துக.

வயிரமேறிய முதிரை ஓரிரு தலைமுறை கடந்தே விளைவது. ஆண்டிற்கொரு முறை அரைநாள் உழைத்து வாங்கொன்றைக் காப்பவன், காட்டில் நிற்கும் மரமொன்றையும் காத்தவனாவான்.