லாரி ரசீதில் கண்டுள்ள சொற்கள்

விளைபொருளை வெளியூர் வியாபாரிக்கு நேரே அனுப்ப முற்படும் விவசாயிகள் பலர், லாரிக் கம்பெனி தரும் ரசீதை மடித்துப் பையில் வைத்துக்கொள்கின்றனரேயன்றி, படித்துப் பார்ப்பதில்லை. கிராமங்களுக்குச் செல்லுமிடங்களில் நாம் அடிக்கடி காண்பது இது. பஞ்சாயத்து அங்கத்தினர்கள் கீழ்க்காணும் விவரங்களை அவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.

ஈரோட்டிலிருந்து மும்பைக்கு 50 கிலோ வீதம் 40 மூட்டை விரலி மஞ்சள் அனுப்புவதாக வைத்துக்கொள்வோம். சரக்கை ஒப்படைப்பவர் அனுப்புநர். அங்கே எடுத்துக்கொள்பவர் பெறுநர். வாடகையை நாமே முன்னதாகச் செலுத்தினால் ரசீதில் ‘பெய்டு’ என்றும், பெறுநர் செலுத்துவதானால் ‘டு-பே’ என்றும் குறிப்பர். டு-பே என்றால் வாடகை நம் தலையில் விழாது என எண்ணலாகாது; வியாபாரி அதனை விலையில் கழித்துக்கொள்வதுண்டு. ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி யாரைச் சேர்ந்தவை என்பதையும் விலை பேசும்போதே தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பெறுநர் பெயரில்தான் மிகுந்த கவனம் தேவை. வியாபாரியின் பெயரை எழுதிவிட்டால், பணம் வருமுன்னரே சரக்கு அவர் கைக்குப் போய்விடக்கூடும். புதியவராயின், அவ்விடத்தில் ‘செல்ஃப்’, அதாவது அனுப்புநரே, என்று எழுதச் செய்து, பெறுநர் படியை நம்மிடம் வைத்துக்கொண்டு, பணம் வங்கியில் சேர்ந்தபின் மேலொப்பமிட்டு அனுப்புவதே தக்கது. எனினும் மூட்டைகள் கிடங்கில் நெடுநாள் கிடந்தால் ‘டெமரேஜ்’ என்னும் தாமதக் கட்டணம் ஏறும்.

இனி நஷ்டத்தைப் பற்றியது. 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டமும் 2011-ஆம் ஆண்டின் விதிகளும், கம்பெனியின் பொறுப்பைப் பொதுவாக வாடகையைப் போல் பத்து மடங்குக்குள் நிறுத்தியுள்ளன. மஞ்சளின் மதிப்பு ரூ. 2,00,000, வாடகை ரூ. 8,000 எனில், முழுச் சரக்கும் நனைந்து கெட்டாலும் ரூ. 80,000-க்கு மேல் கோர இயலாது. முன்னதாகவே கூடுதல் கட்டணம் செலுத்த எழுத்தில் ஒப்பியிருந்தால் மட்டுமே அதற்கு மேற்பட்ட பொறுப்பு உண்டு. அறிவித்த மதிப்பைத் தாண்டியும் ஈடு கிடையாது; ஆகவே மதிப்பைக் குறைத்து எழுதுவது சிக்கனமன்று.

ரசீதில் எடையும் மூட்டை எண்ணிக்கையும் சரியாக உள்ளனவா என்று அங்கேயே பார்த்துக்கொள்க. புரோக்கர் தரும் துண்டுச் சீட்டு ரசீதாகாது. சேதம் நேரின், சரக்கை ஒப்படைத்துப் பதிவு செய்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் கம்பெனிக்கு எழுத்து மூலம் அறிவிப்புக் கொடுத்திருந்தாலன்றி வழக்குத் தொடர முடியாது.