படத்தில் இருப்பவர் யார்? எடுத்தவர் யார்?



போட்டோ பொய் சொல்லாது என்று பெரியவர்கள் சொல்வார்கள். அது முழு உண்மையா? கொஞ்சம் வரலாற்றைப் பார்ப்போம்.

1839-ல் பிரான்சு நாட்டில் புகைப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டது. சில ஆண்டுகளிலேயே கேமரா இந்தியாவுக்கும் வந்துவிட்டது. அந்தக் காலத்தில் போட்டோ எடுப்பது சுலபம் இல்லை. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, ஈரம் காயும் முன்னே படம் எடுத்து, உடனே இருட்டுக் கூடாரத்தில் வைத்துக் கழுவணும். சாமுவேல் போர்ன் என்ற ஆங்கிலேயர் 1863 முதல் 1866 வரை மூன்று முறை இமயமலைப் பக்கம் போய்ப் படம் எடுத்தார். கேமரா, கண்ணாடி, மருந்து எல்லாத்தையும் மலைமேல் தூக்கிட்டுப் போனது நம்ம நாட்டுக் கூலி ஆட்கள். போர்ன் பெயர் நமக்குத் தெரியுது. தூக்கினவங்க பெயர் தெரியுமா?

1857 புரட்சிக்குப் பிறகு, நாம் ஆளும் மக்கள் யார் என்று தெரிந்துகொள்ள ஆங்கில அரசு விரும்பியது. 1868 முதல் 1875 வரை, லண்டனில் 'இந்திய மக்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூல் 8 தொகுதிகளாக வெளிவந்தது. அதில் 460-க்கும் மேற்பட்ட படங்கள். பல படங்களில் ஆளின் பெயரே இல்லை. சாதி, மதம், ஊர் மட்டும்தான். கூடவே இவர்கள் விசுவாசமானவர்கள், இவர்கள் திருடர்கள் என்பது போன்ற குறிப்புகள். ஒரே ஒரு ஆளைக் காட்டி அந்தக் கூட்டத்துக்கே முத்திரை குத்திட்டாங்க!

1869-ல் சர் சையது அகமது கான் தன் மகன்களோடு லண்டனில் இருந்தார். ஒருநாள் இந்தியா அலுவலகத்தில் மகன் மகமூது இந்த நூலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்து, நீங்கள் இந்தியரா என்று கேட்டார். மகமூது ஆமாம் என்றார். ஆனால் வெட்கத்தில் முகம் சிவந்துவிட்டது. நான் இந்தப் பழங்குடிகளைச் சேர்ந்தவன் இல்லை, என் முன்னோர் வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள் என்று அவசரமாகச் சொன்னாராம். இதை சையது அகமதே எழுதியிருக்கிறார்.

மகமூது பின்னாளில் அலகாபாத் உயர்நீதிமன்ற நீதிபதி ஆனவர். அவ்வளவு படித்தவரையே, படத்தில் இருந்தவங்க எனக்குச் சொந்தம் இல்லைன்னு சொல்ல வச்சது அந்தப் புத்தகம். அதுதான் எனக்கு ரொம்ப வருத்தமா இருக்கு. அந்தப் படத்தில் உட்கார்ந்தவங்களுக்கும் வீடு, பிள்ளைகள், ஒரு பெயர் இருந்திருக்குமே?

ஆகவே பழைய படம் எதைப் பார்த்தாலும் இந்த மூன்று கேள்விகளைக் கேளுங்கள்:

1. எடுத்தவர் யார்?
2. யார் பார்ப்பதற்காக எடுத்தார்?
3. படத்தில் இருப்பவரின் பெயர் இருக்கிறதா?

இப்போது செல்போனில் நாமும் படம் எடுக்கிறோம். திருவிழாவில் யாரையாவது எடுத்தால் முதலில் அனுமதி கேளுங்கள், பெயரையும் கேளுங்கள்.



ஒன்பதாம் வகுப்பு மாணவி