பொட்டலத்தில் இருப்பது உயிர்: சூடோமோனாஸை வீணாக்காதீர்

"சூடோமோனாஸ் வாங்கிப் போட்டேன், நோய் நிற்கவில்லை, பணம்தான் செலவு" என்று விவசாயிகள் சிலர் குறைப்படுவதுண்டு. பொட்டலத்தில் இருப்பது மருந்துத்தூள் அல்ல, உயிருள்ள பாக்டீரியா என்பதை அறிந்து கையாண்டால் இக்குறை பெரும்பாலும் நீங்கும்.

சூடோமோனாஸ் என்பது மண்ணிலும் நீரிலும் வேரோரத்திலும் இயற்கையாகவே வாழும் பாக்டீரியாப் பேரினம். 1894-ல் ஜெர்மானிய அறிஞர் மிகுலா இப்பெயரைச் சூட்டினார். தழை, சருகு முதலியவற்றைச் சிதைத்துச் சத்துக்களை மண்ணுக்குத் திருப்புவது இவற்றின் முக்கியப் பணி. எண்ணெய்க் கழிவையும், சில பூச்சிமருந்து எச்சங்களையும் சிதைக்கும் வகைகள் உண்டு.

எல்லாமே நண்பர்கள் அல்ல. நீர் தேங்கிக் காற்றோட்டம் குறைந்த மண்ணில் சில வகைகள் நைட்ரேட்டைச் சிதைத்து, தழைச்சத்தைக் காற்றோடு போக்கிவிடும். பயிருக்கும் மனிதருக்கும் நோய் தருபவையும் உண்டு. ஆகவே பொட்டலத்தில் "சூடோமோனாஸ் புளோரசன்ஸ்" என்று முழுப்பெயர் இருக்கிறதா எனப் பார்த்து வாங்க வேண்டும்.

இந்த வகை வேரின்மேல் முந்தி இடம் பிடித்துக்கொள்கிறது. இது சுரக்கும் மஞ்சள்பச்சை நிறப்பொருள் மண்ணிலுள்ள இரும்புச்சத்தைப் பற்றிக்கொள்வதால் நோய்ப் பூசணம் பட்டினி கிடக்கிறது. பூசணத்தை ஒடுக்கும் பொருள்களையும் சுரக்கிறது; பயிரின் எதிர்ப்புச் சக்தியையும் தூண்டுகிறது. நெல்லில் குலை நோய், இலையுறை கருகல் ஆகியவற்றுக்கு இது பரிந்துரைக்கப்படுகிறது. ஆனால் இது வருமுன் காப்பது. நோய் முற்றியபின் இட்டால் பலன் குறைவு.

நெல்லுக்கு இடும் முறை

விதை நேர்த்தி: ஒரு கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் ஒரு லிட்டர் நீரில் கலந்து, விதையை இரவு முழுவதும் ஊறவைக்கவும். நீரை வடித்து, 24 மணி நேரம் முளைகட்டி விதைக்கவும்.

நாற்று நனைத்தல்: ஏக்கருக்கு ஒரு கிலோ. 10 சதுர மீட்டர் பாத்தியில் 2.5 செ.மீ. உயரம் நீர் கட்டி, தூளைக் கரைத்து, நாற்றின் வேர்களை அரைமணி நேரம் வைத்திருந்து நடவும்.

வயலில் இடுதல்: நட்ட 30-ஆம் நாள் ஏக்கருக்கு ஒரு கிலோவை 20 கிலோ மட்கிய தொழு உரத்துடன் கலந்து தூவவும்.

கவனிக்க வேண்டியவை

சில பாக்டீரியாக்கள் வறட்சியிலும் வெப்பத்திலும் வித்தாக உருமாறி உறங்கிக் கிடக்கும். சூடோமோனாஸுக்கு அந்த வசதி இல்லை. வெயிலும் வறட்சியும் இதை விரைவில் கொன்றுவிடும். ஆகவே நிழலில், குளிர்ந்த இடத்தில் வைக்கவும். மாலையில், மண்ணில் ஈரம் இருக்கும்போது இடவும். காலாவதித் தேதி பார்த்து, அந்தப் பருவத்துக்கு வேண்டியதை மட்டும் வாங்கவும்.

தாமிரப் பூசணக்கொல்லி, பிளீச்சிங் பவுடர், பாக்டீரியாக்கொல்லி மருந்துகள் ஆகியவற்றோடு கலக்கவே கூடாது. அசோஸ்பைரில்லத்துடன் சேர்த்து இடலாம். கையாண்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவவும்.

செத்த பாக்டீரியாவும் உயிருள்ளதும் கண்ணுக்கு ஒரே வெள்ளைத்தூள்தான். வித்தியாசம் பயிரில் நோய் தோன்றும்போதுதான் தெரியும்; அப்போது காலம் கடந்திருக்கும். நெல் விதையைப் பத்திரப்படுத்துவது போல் இந்தப் பொட்டலத்தையும் பத்திரப்படுத்தினால், குறைந்த செலவில் பயிரைக் காத்துப் பயன் பெறலாம்.