இறுகிப்போன ஸ்பார்க் பிளக்

விசைத்தெளிப்பானின் ஸ்பார்க் பிளக் நாளாவட்டத்தில் கரி பிடித்து இறுகிவிடும். பெட்ரோலில் ஆயிலை அளவுக்கு மேல் கலப்பவர்களுக்கு இத்தொல்லை அதிகம். பிளக்கின் மரை எஃகு. அது உட்காரும் சிலிண்டர் ஹெட்டோ அலுமினியம். பலங்கொண்ட மட்டும் திருகினால் பிய்வது அலுமினியம்தான். பிறகு லேத் பட்டறைக்கு அலைய வேண்டும், பூச்சி காத்திருக்காது.

என்ஜின் நன்கு ஆறிய பின்பே பிளக்கில் கை வைக்க வேண்டும். சூட்டில் கழற்றினால் மரை எளிதில் சிதையும். முதலில் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் அகற்றவும். இல்லையேல் அது சிலிண்டருக்குள் விழும். பிளக் ஸ்பேனரை நேராகப் பொருத்தி இடப்பக்கம் திருப்பவும். அசையாவிட்டால், துரு இளக்கும் எண்ணெயை அடியில் சில சொட்டு விட்டு, ஓர் இரவு விட்டுவைக்கவும். மறுநாள் சற்று இளகியதும் ஒரேயடியாகக் கழற்றிவிடக் கூடாது. கால் சுற்று கழற்றி, சிறிது பின்னோக்கி இறுக்கி, மீண்டும் எண்ணெய் விட்டுக் கழற்ற வேண்டும். அவசரப்பட்டால் கரித்துகள் மரையை அரித்துவிடும்.

புதிய பிளக் அதே எண்ணுடையதாக இருக்கட்டும். அதை வாஷர் படியும்வரை கையாலேயே திருக வேண்டும். இடையில் முரண்டினால் கோணலாக ஏறுகிறது என்று பொருள். வெளியே எடுத்து மீண்டும் பொருத்தவும். வாஷர் படிந்த பின் ஸ்பேனரால் அரைச் சுற்று போதும். பழைய பிளக்கையே மாட்டுவதானால், வாஷர் முன்பே நசுங்கியிருப்பதால், லேசாக இறுக்கினாலே போதுமானது.