குளுட்டன் இல்லாத பீருக்குக் கெக் எதற்கு?

பிரிட்டனில் 1963 முதல் வீட்டில் பீர் காய்ச்ச உரிமம் தேவையில்லை. குளுட்டன் ஒத்துக்கொள்ளாத சீலியாக் நோய் உள்ளவர்களும் அது கொண்ட பார்லியை விட்டுச் சோளப்பாகு, சிறுதானிய மால்ட், பக்வீட் என்று காய்ச்சிக்கொள்கிறார்கள். ஆனால் கற்க வரும் இளைஞர்கள் பலர் முதல் பீர் நொதித்து அடங்கும் முன்பே கெக் (பீரை அடைத்து அழுத்தத்தில் வாயு ஏற்றும் உலோகப் பீப்பாய்) வாங்கிவிடுகிறார்கள். வீடியோவில் எல்லோரும் வைத்திருக்கிறார்கள் என்று சிலர். அப்பா பிடிவாதமாக வாங்கித் தந்தார் என்று சிலர். பார்க்க வருத்தமாக இருக்கிறது.

பீரில் வாயு ஏற்றச் சாதாரணச் சர்க்கரை போதும். லிட்டருக்கு 6 கிராம், 20 லிட்டருக்கு 120 கிராம். கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவைத்து ஆற்றி, சுத்தமான வாளியில் ஊற்றி, பீரைக் குழாய் வழியே அதன்மேல் இறக்கி, மெல்லக் கலக்கிப் பாட்டிலில் அடையுங்கள். அளந்து போட அலுப்பாக இருந்தால் சர்க்கரை வில்லைகள் இருக்கின்றன. 330 மில்லி பாட்டிலுக்கு ஒன்று. ஆனால் கூட்டவோ குறைக்கவோ வழியில்லை. சர்க்கரைக்குப் பதிலாகப் பார்லி மால்ட் தூளை மட்டும் தொடாதீர்கள். அந்த ஒரு கரண்டியில் குளுட்டன் திரும்பி வந்துவிடும்.

இனி கெக். வாயு சிலிண்டர், ரெகுலேட்டர், குழாய்கள், அதற்கென ஒரு ஃப்ரிட்ஜ் என்று செலவு நீளும். செலவைவிடப் பெரிய கவலை வேறு. மலிவாகக் கிடைக்கும் பழைய கெக்குகளில் முன்பு பார்லி பீர் அடைத்திருக்கலாம். அவற்றின் ரப்பர் வளையங்களிலும் குழாய்களிலும் எச்சம் தங்கும். கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருந்தாலே 'குளுட்டன் இல்லாதது' என்று சொல்லக்கூடாது என்பது சர்வதேச விதி. ஆகவே வளையம், குழாய் எல்லாவற்றையும் புதிதாக மாற்றியே தீரவேண்டும். நண்பரின் கெக்கை இரவல் வாங்கவே வேண்டாம்.

நுரை நிற்கவில்லை என்று கெக்கில் வாயுவை ஏற்றிக்கொண்டே போகிறவர்களும் உண்டு. நுரையைத் தாங்கிப் பிடிப்பவை பார்லியின் புரதங்கள். அவை இல்லாத பீரில் எவ்வளவு வாயு ஏற்றினாலும் நுரை சீக்கிரம் அடங்கத்தான் செய்யும். சர்க்கரையைக் கூட்டினாலும் இதே கதைதான். அதோடு பாட்டிலும் வெடிக்கலாம்.

நான் பாட்டில் கட்சி. தொடக்கக்காரருக்கு பிளாஸ்டிக் பாட்டிலையே சொல்வேன். வாயு ஏறினால் பாட்டில் கல்லுப்போல இறுகும். விரலால் அமுக்கியே தெரிந்துகொள்ளலாம். கண்ணாடியும் மூடி அழுத்தும் கருவியும் அப்புறம் வரட்டும்.

எதில் அடைத்தாலும், ஹைட்ரோமீட்டர் (அடர்த்திமானி) மூன்று நாள் ஒரே அளவைக் காட்டிய பிறகே அடையுங்கள். பிறகு 20 டிகிரி சூட்டில் இரண்டு வாரம் விடுங்கள். கருவி வாங்கப் பணம் போதும். ஈஸ்ட்டின் போக்கை அறிய நிதானம் வேண்டும். உங்கள் கைக்கு எது படிகிறதோ அதைத் தேர்ந்தெடுங்கள். நாலு தடவை அதையே ஒழுங்காகச் செய்யுங்கள். கெக் வேண்டுமா வேண்டாமா என்பதை அதன் பிறகு நீங்களே முடிவு செய்யலாம்.