ஆயுத பூஜை விருந்தும் மார்ச் மாதக் கணக்கும்

கோவைப் பக்கம் ஃபவுண்டரி, பம்ப் கம்பெனி, பனியன் கம்பெனி என்று சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதுகிறவன் நான். இங்கே கம்பெனி விழா என்றால் முதலில் ஆயுத பூஜைதான். மெஷினுக்குச் சந்தனம் குங்குமம், பொரி கடலை, மதியம் இலை போட்டுச் சாப்பாடு, கிளம்பும்போது கையில் ஒரு பை. விழா ஒரே நாளில் முடிந்துவிடும். பில்கள் மட்டும் மார்ச் வரை என் மேஜையில் கிடக்கும்.

முதலாளிகளுக்கு இது ஒரே செலவு. 'ஸ்டாஃப் வெல்ஃபேர்ல போட்டுடுங்க' என்பதோடு அவர்கள் வேலை முடிந்தது. சட்டத்தின் கண்ணுக்குச் சாப்பாடு வேறு, மண்டபம் வேறு, பரிசு வேறு. 2024-25 கணக்காண்டை வைத்துச் சொல்கிறேன்.

அதிகத் தகராறு சாப்பாட்டு பில்லில்தான். கேட்டரிங்காரர் ஒரு லட்சம் ரூபாய்க்கு பில் போட்டு 5 சதவீதம் ஜிஎஸ்டி சேர்க்கிறார் என்று வையுங்கள். அந்த 5,000 ரூபாய் ஜிஎஸ்டிஆர்-2பி அறிக்கையில் நம் பெயரில் வந்து நிற்கும். வந்துவிட்டதே என்று கணக்குப் பையன் உள்ளீட்டு வரி வரவாக எடுத்துவிடுவான். ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5) பிரிவு உணவுக்கும் கேட்டரிங்குக்கும் அந்த வரவைத் தடுத்திருக்கிறது. எடுத்திருந்தால் 3பி படிவத்தின் 4(பி)(1) கட்டத்தில் திருப்பிக் காட்ட வேண்டும். விட்டுவிட்டால் பின்னால் நோட்டீஸ் வரும், வட்டியோடு.

"ஏனுங்க, எங்க ஆளுங்களுக்குச் சோறு போட்டதுக்கும் வரியா?" என்று ஒரு ஃபவுண்டரி முதலாளி என்னிடம் சண்டைக்கே வந்துவிட்டார். "சோறு போட்டதுக்கு வரி இல்லீங்க. கேட்டரிங்காரருக்குக் கட்டுன வரியைத் திரும்ப எடுக்க முடியாது, அவ்வளவுதானுங்க" என்றேன். கேன்டீனுக்குக் கிடைக்கிறதே என்று மடக்கினார். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் அப்போதிருந்த 1948-ஆம் வருடத் தொழிற்சாலைச் சட்டப்படி கேன்டீன் கட்டாயமாக இருந்தது. சட்டம் கட்டாயப்படுத்தும் உணவுக்கு விலக்கு உண்டு. விருந்து போடச் சொல்லி எந்தச் சட்டமும் கட்டாயப்படுத்தவில்லை. எடுக்க முடியாத அந்த வரியும் விருந்துச் செலவோடு சேர்ந்து வருமான வரிக் கணக்கில் கழியும் என்று சொன்ன பிறகுதான் காபி வந்தது.

மண்டப வாடகை இந்தத் தடைப் பட்டியலில் இல்லை. மண்டபத்துக்காரர் ஒருவர், சமையல் இன்னொருவர் என்றால் இரண்டு பில்லாக வாங்குங்கள். மண்டபத்தின் 18 சதவீதத்தை எடுக்க வாதம் இருக்கிறது. இடமும் சாப்பாடும் ஒரே பேக்கேஜ் என்றால் அந்த வாதம் நிற்காது. பேக்கேஜை உடைத்து எழுதித் தரச் சொல்லும் வேலைக்குப் போகாதீர்கள்.

அடுத்தது சமையல் மாஸ்டர். நம் ஊர் விருந்துகளில் பாதி இவர்கள் கையில்தான் நடக்கிறது. ஜிஎஸ்டி எண் கிடையாது, காசு ரொக்கமாக வேண்டும். காய்கறி, மளிகை, கூலி எல்லாம் சேர்த்து 'விருந்துச் செலவு 68,400' என்று பால்பாயின்ட் பேனாவில் எழுதிய ஒற்றை வவுச்சர் எனக்கு வரும். ஒரே ஆளுக்கு ஒரே நாளில் 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிச் சட்டத்தின் 40ஏ(3) பிரிவின்படி அந்தச் செலவு கழியாது. ஒரே நாளில் ஏழு வவுச்சராகப் பிரித்தாலும் மொத்தமாகத்தான் பார்ப்பார்கள். வங்கி வழியாகவோ யுபிஐயிலோ போட்டுவிடுங்கள். ஒரே பில் 30,000 ரூபாயைத் தாண்டினால் 194சி பிரிவில் டிடிஎஸ் பிடிக்க வேண்டும்: தனிநபர் என்றால் 1 சதவீதம், நிறுவனம் என்றால் 2. பிடிக்காவிட்டால் செலவில் 30 சதவீதம் அந்த வருடம் கழியாது. பான் எண் தராதவருக்கு 20 சதவீதம் பிடிக்க வேண்டும். சாப்பிட்டு முடித்த பிறகு பான் கேட்டால் எந்த மாஸ்டரும் போனை எடுக்கமாட்டார். அட்வான்ஸ் கொடுக்கும்போதே வாங்கிவிடுங்கள்.

இலை போட்ட சாப்பாட்டைத் தலைக்கு வகுத்து யாருடைய சம்பளத்திலும் நான் சேர்ப்பதில்லை. பரிசு அப்படியல்ல, ஆளுக்கு ஆள் கணக்கு உண்டு. பொருளாகவோ கூப்பனாகவோ வருடத்துக்கு மொத்தம் 5,000 ரூபாய்க்குள் கொடுத்தால் ஊழியருக்கு வரி இல்லை. ரொக்கம் என்றால் 500 ரூபாய் கவர்கூட சம்பளம்தான். மொத்தம் என்ற இடத்தில்தான் பலர் சறுக்குகிறார்கள். 2024-இல் ஆயுத பூஜையும் தீபாவளியும் ஒரே அக்டோபரில் வந்தன. எனக்குத் தெரிந்த ஒரு கம்பெனியில் பழைய ஆட்களுக்குப் பூஜையன்று ஒரு கிராம் தங்கக் காசு, தீபாவளிக்குப் பட்டுப்புடவை. காசு மட்டுமே 7,000 ரூபாயை ஒட்டி. அரைக் கிராமோடு நிறுத்தியிருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்திருக்கும். 5,000-ஐத் தாண்டினால் மிச்சத்துக்கு மட்டும் வரியா, முழுசுக்குமா என்று ஆடிட்டர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். விதியை எழுத்துக்கு எழுத்து வாசித்தால் முழுசுக்கும்தான்; அதனால் தாண்டாமல் இருப்பதே என் கட்சி. ஷாப்ஃப்ளோர் ஆட்களில் பெரும்பாலோர் வரி வரம்புக்கே வரமாட்டார்கள். இடிப்பது மேனேஜர்களுக்கு. ஜிஎஸ்டியில் ஊழியர் ஒருவருக்கு வருடம் 50,000 ரூபாய் வரை பரிசுக்கு வரி கிடையாது. ஆனால் பரிசாகக் கொடுத்த பொருளுக்கு உள்ளீட்டு வரியும் கிடையாது.

2005 முதல் 2009 வரை இந்தத் தொல்லையே வேறு வடிவத்தில் இருந்தது. ப.சிதம்பரம் கொண்டுவந்த ஃப்ரிஞ்ச் பெனிஃபிட் வரியில், விழாச் செலவின் ஒரு பங்குக்குக் கம்பெனியே வரி கட்ட வேண்டும். பிரணாப் முகர்ஜி அதை எடுத்தார். அப்போது திட்டியவர்களில் நானும் ஒருவன். இப்போது தங்கக் காசை ஆள் ஆளாகப் பிரித்து எழுதும்போது, அதுவே சுலபமோ என்று தோன்றுகிறது.

கடைசியாக, விருந்து கம்பெனிக்காக நடந்தது என்பதற்கு ஆதாரம் வையுங்கள். நோட்டீஸ் போர்டு அறிவிப்பு, வந்தவர்கள் பட்டியல், பரிசுக்குக் கையெழுத்து, நாலு போட்டோ போதும். முதலாளி வீட்டுக் காதுகுத்தையும் அதே பந்தலில் முடித்துக்கொண்டால் அந்தப் பங்கு அவர் சொந்தச் செலவு. என்னிடம் பேரம் பேசிப் பயனில்லை. 2026 ஏப்ரல் 1 முதல் 2025-ஆம் வருடத்துப் புதிய வருமான வரிச் சட்டம் என்பதால் பிரிவு எண்கள் மாறுகின்றன. அடுத்த பூஜைக்குச் சமையல்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கும் முன், அன்றைய வரம்புகளை உங்கள் ஆடிட்டரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள்.