முஆமலாத் பாடம்: கார் கண்ணாடி ஃபிலிமில் குறை வந்தால் ஹக்கைக் கேட்கும் முறை



தொழுகை, நோன்புச் சட்டங்களை ஆலிம்களிடம் தேடிச் சென்று கேட்கிறோம். கொடுக்கல் வாங்கல் சட்டங்களை அந்த அக்கறையோடு கேட்பவர்கள் குறைவு. நமது டிரஸ்ட் அலுவலகத்துக்குச் சமாதானம் கேட்டு வரும் வழக்குகளில் பல, சிறு தொகைக்கானவை. தையல் கூலி, ஏசி பழுது, டைல்ஸ் வேலை, கார் வேலை என்று வருகின்றன. தொகை சிறியது, அதனால் முறிகிற உறவு பெரியது. கோடைக்காலத்தில் அடிக்கடி எழும் ஒன்றை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்வோம். காருக்கு சன் ஃபிலிம் ஒட்டினோம். வேலையில் குறை தெரிகிறது. ஒட்டியவரைக் கொண்டே அதை எப்படிச் சரிசெய்து வாங்குவது?

மார்க்கம் காட்டும் வழி

கூலி பேசி வேலை வாங்குவதை ஃபிக்ஹு நூல்கள் இஜாரா என்று சொல்கின்றன. தையல்காரர், சாயமிடுபவர் போலப் பலருடைய வேலையையும் ஏற்றுச் செய்பவருக்கு 'அஜீர் முஷ்தரக்' என்று பெயர். ஃபிலிம் ஒட்டுபவரும் இந்த வகைதான். நம் கார் அவர் கையில் இருக்கும்வரை அது அமானத். அவருடைய கவனக்குறைவால் சேதம் வந்தால் ஈடு செய்வது அவர்மேல் கடமை.

நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டுப் பார்த்ததும், உள்ளே ஈரம் இருந்ததைக் கண்டு வியாபாரியைக் கண்டித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்ச்சி. மழையில் நனைந்துவிட்டது என்றார் அவர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்க வேண்டும் என்பதே அங்கே கிடைத்த பாடம். குறை நேர்வது மனித இயல்பு. அதை மறைப்பதுதான் மோசடி.

இது வேலை செய்பவருக்கு. வேலை வாங்குபவருக்கும் ஒரு பாடம் உண்டு. விற்கும்போதும் வாங்கும்போதும் தன் ஹக்கைத் திருப்பிக் கேட்கும்போதும் மென்மையாக நடப்பவருக்கு நபி (ஸல்) அவர்கள் ரஹ்மத்தை வேண்டி துஆ செய்ததாக ஜாபிர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. ஹக்கைக் கேட்காதே என்று அங்கே சொல்லப்படவில்லை. கேள், கேட்கும் முறையில் மென்மை இருக்கட்டும் என்பதே அதன் கருத்து.

இன்னொரு சட்டமும் நினைவிருக்க வேண்டும். வாங்கிய பொருளில் குறையைக் கண்டவர் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும் என்பது ஷாஃபிஈ மத்ஹபின் நிலை. குறை தெரிந்த பிறகும் அதை ஏற்றுக்கொண்டவர் போல நடந்தால் திருப்பிக் கொடுக்கும் உரிமை போய்விடும் என்பதை ஹனஃபி மத்ஹபும் சொல்கிறது. வேலைக்கும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிப்பது நல்லது. இரண்டு மாதம் பேசாமல் ஓட்டிவிட்டு மூன்றாம் மாதம் சண்டைக்குப் போவது முறையாகாது.

எது குறை, எது குறையில்லை

அநியாயமாகக் குற்றம் சாட்டாதிருக்க இதைத் தெரிந்திருக்க வேண்டும். ஃபிலிமை சோப்புத் தண்ணீர் தெளித்து ஒட்டி, ரப்பர் பட்டையால் நீரை வெளியே தள்ளுகிறார்கள். கொஞ்சம் ஈரம் உள்ளேயே தங்கும். அதனால் முதல் சில நாட்களுக்கு மங்கலும் சிறு நீர்க்குமிழிகளும் தெரியும். வெயிலைப் பொறுத்து சில நாட்களிலோ சில வாரங்களிலோ தானே காய்ந்துவிடும். மழைக்காலத்தில் இன்னும் தாமதமாகும். இதற்காகச் சண்டை வேண்டாம். கண்ணாடி ஓரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இடைவெளி விடுவதும் வழக்கமே. ரப்பர் பீடிங்கில் உரசி ஃபிலிம் பிரியாமலிருக்க அப்படி விடுகிறார்கள்.

கீழே உள்ளவை தாமாகச் சரியாகாதவை:

1. காற்றுக் குமிழி. ஒரு மாதம் கழிந்தும் அதே இடத்தில் அப்படியே நிற்கும்.
2. தூசி, முடி. கண்ணாடியைச் சரியாகத் துடைக்காமலோ, காற்றடிக்கும் தெருவோரத்திலோ ஒட்டினால் கூட்டமாகப் புள்ளிகள் விழும். உற்றுப் பார்த்தால் மட்டும் தெரியும் ஓரிரு புள்ளிகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.
3. ஓரம் பிரிதல், மடிப்பு. இதில் அழுக்கு சேர்ந்து நாளுக்கு நாள் பெரிதாகும்.
4. கோணலாக வெட்டி, வெளிச்சம் கீற்றாக உள்ளே வருவது.
5. கண்ணாடியில் பிளேடு கீறல், பின்கண்ணாடியில் உள்ள டிஃபாகர் கோடுகள் அறுந்துபோவது. இது குறையைத் தாண்டிய சேதம்.

சில மாதங்களில் ஃபிலிம் ஊதா நிறமாக மாறினால் அது பெரும்பாலும் மலிவான சாய ஃபிலிமின் தன்மை. ஒட்டியவரின் கைத்தவறு அதற்குக் காரணமாகாது. வாரண்டி அட்டையை எடுத்துப் பார்க்க வேண்டிய இடம் அது.

நம் பக்கத்துக் கடமைகளும் உண்டு. ஒட்டிய மூன்று முதல் ஐந்து நாட்களுக்குக் கண்ணாடியை இறக்கக் கூடாது. அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவத்தால் துடைக்கக் கூடாது. குமிழியை ஊசியால் குத்தக் கூடாது. பிரிந்த ஓரத்தை இழுத்துப் பார்க்கக் கூடாது. ஒட்டியவரிடம் காட்டுமுன் வேறு கடையில் கை வைக்க விடக் கூடாது. இவற்றில் ஒன்றைச் செய்தாலும் யாருடைய தவறு என்பதைப் பிறகு நிரூபிக்க முடியாது.

வேலை கொடுக்கும்போதே

தவணைக் கடனை எழுதிக்கொள்ளும்படி அல்பகரா அத்தியாயத்தின் 282-ஆம் வசனம் கட்டளையிடுகிறது. எழுத்து சந்தேகத்தைப் போக்கும். ஃபிலிமின் பெயர், தரம், எத்தனை கண்ணாடிகள், வேலைக்கு எத்தனை நாள் உத்தரவாதம் என்பவை பில்லில் இருக்கட்டும். பழைய ஃபிலிமை உரிப்பதாக இருந்தால், அதற்கு முன் டிஃபாகரைப் போட்டுக் காட்டி, கண்ணாடிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வேலை முடிந்ததும் நிழலிலும் வெயிலிலும் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். பார்த்துத் திருப்தியான பிறகு கூலியை நாளைக்கு என்று தள்ளாதீர்கள்.

சட்டத்தையும் மறக்க வேண்டாம். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 100-ஆவது விதிப்படி, முன், பின் கண்ணாடிகள் 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ஃபிலிம் ஒட்டுவதைத் தடை செய்தது. பிறகு விதி திருத்தப்பட்டது. திருத்திய விதியின்படி, தரத்துக்கு உட்பட்ட ஃபிலிமை அனுமதிக்கலாம் என்று 2024-இல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வீட்டுப் பெண்களின் மறைவுக்காக என்று சொல்லிக் கறுப்பு ஃபிலிம் கேட்பவர்கள் நம்மில் உண்டு. நோக்கம் நல்லதாக இருந்தாலும் அளவை மீறியதை ஒட்டினால் அபராதமும் வரும். குறை வந்தால் தைரியமாகப் புகார் சொல்லவும் முடியாது. ஒளி சதவீதம் அச்சிட்ட பில்லைக் காரிலேயே வையுங்கள். ஒட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

எப்படிக் கேட்பது

முதலில் கடை முதலாளியிடம் நேரில் போய்க் காட்டுங்கள். வாடிக்கையாளர் கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்துப் போனால் அவருடைய மானமும் காக்கப்படும். வேலை செய்த பையனைத் திட்ட வேண்டாம். 'எல்லாம் மோசம்' என்று பொதுவாகச் சொல்லாமல் எந்தக் கண்ணாடியில், எந்த இடத்தில், என்ன குறை என்று சொல்லுங்கள். என்ன வேண்டும் என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒட்டிய ஃபிலிமுக்குள் தூசி இருந்தால் அதை மட்டும் எடுக்க முடியாது. அந்தக் கண்ணாடி முழுவதையும் உரித்து, அதே தரத்தில் புதிய ஃபிலிம் ஒட்ட வேண்டும். ஒரு கண்ணாடியின் குறைக்கு அந்தக் கண்ணாடியைச் சரிசெய்யக் கேட்பதே நியாயம். ஐந்து கண்ணாடிக்கும் கொடுத்த பணத்தைத் திருப்பிக் கேட்பது வரம்பு மீறல்.

நேரில் பேசிவிட்டு அன்றே வாட்ஸ்அப்பில் இப்படி எழுதிவிடலாம்:

"அஸ்ஸலாமு அலைக்கும் பாய். இன்ன தேதியில் உங்கள் கடையில் ஃபிலிம் ஒட்டினேன். பில் எண் இது. இடது பின்கதவுக் கண்ணாடியில் ஓரம் பிரிந்து, உள்ளே தூசி தெரிகிறது. போட்டோ அனுப்பியுள்ளேன். அந்த ஒரு கண்ணாடிக்கு அதே தரத்தில் மாற்றி ஒட்டித் தரும்படி கேட்டுக்கொள்கிறேன். எந்த நாள் காரைக் கொண்டுவரலாம் என்று சொல்லுங்கள்."

இதில் கோபமில்லை, விட்டுக்கொடுப்பதும் இல்லை. தேதி, பில், குறை, கோரிக்கை நான்கும் இருக்கின்றன.

நம்மிடம் வந்த ஒரு வழக்கு

பெயர்கள் வேண்டாம். ஒரே ஜமாஅத்தைச் சேர்ந்த இரண்டு பேர், சம்பந்தி உறவும் உண்டு. பின்கண்ணாடியில் பழைய ஃபிலிமை உரிக்கும்போது டிஃபாகர் கோடுகள் இரண்டு இடத்தில் அறுந்தன. கார்காரர் கடைக்குப் போகாமல் நேராக மஹல்லா வாட்ஸ்அப் குழுவில் கடையின் பெயரைப் போட்டு எழுதிவிட்டார். கடைக்காரர் பதில் எழுதினார். ஒரு வாரத்தில் இரண்டு வீட்டுப் பெண்களும் கல்யாண வீட்டில் பார்த்தும் ஸலாம் சொல்லாமல் போகும் நிலை வந்தது.

அமர்ந்து பேசியபோது மூன்று கேள்விகள் கேட்டோம். முன்பு கோடுகள் வேலை செய்தனவா? இருவருமே ஆம் என்றார்கள். உரிக்க என்ன பயன்படுத்தப்பட்டது? அவசரத்தில் பிளேடால் சுரண்டியதைக் கடைக்காரர் தயங்காமல் ஒப்புக்கொண்டார். சூடு காட்டி ஊறவைத்து மெதுவாக உரித்திருக்க வேண்டிய இடம் அது. கோடு அறுபடலாம் என்று முன்கூட்டியே சொன்னீர்களா? "சொன்ன ஞாபகம், எழுதலை" என்றார்.

மின்சாரம் கடத்தும் பூச்சால் கோடுகளை இணைத்து, பின்கண்ணாடிக்கு மறுபடி கூலியின்றி ஒட்டித் தரக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார். புதிய ஃபிலிமின் விலையில் பாதியைக் கார்காரர் தாமாக முன்வந்து ஏற்றார். கடையின் பெயரை எழுதிய அதே குழுவில், பிரச்சினை தீர்ந்தது என்றும் அவசரப்பட்டு எழுதிவிட்டேன் என்றும் எழுதினார். பணம் ஒரே நாளில் தீர்ந்தது. ஸலாம் திரும்ப இன்னும் சில வாரங்கள் ஆயின.

அநீதி இழைக்கப்பட்டவர் தன் குறையை எடுத்துச் சொல்ல அந்நிஸா 148-ஆம் வசனம் இடம் தருகிறது. தீர்த்துவைக்கக் கூடியவரிடம் சொல்வது முறையீடு. தீர்க்க எந்த வழியும் இல்லாத 200 பேரிடம் சொல்வது புறம் பேசுவதில் போய் முடியும்.

மறுத்துவிட்டால்

கடைக்காரர் செய்ய மறுத்தால் ஜமாஅத் பெரியவர் ஒருவரை வைத்துப் பேசுங்கள். கடைக்காரர் மாற்று மதச் சகோதரராக இருந்தால் இருவருக்கும் தெரிந்த பொதுவானவரை அழைக்கலாம். சமாதானம் சிறந்தது என்பது குர்ஆன் காட்டும் வழி.

அதற்கும் வழியில்லையென்றால் சட்டத்தை நாடுவதில் தவறில்லை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி, சேவையில் குறைபாடு புகாருக்கு உரியது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அடுத்த படி மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள வழக்குகளுக்குக் கட்டணம் இல்லை. வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். பில்லும் போட்டோக்களும் வாட்ஸ்அப் செய்தியும் அங்கே சாட்சியாகும். மனு எழுத உதவி தேவைப்படுவோர் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வாருங்கள்.

தொழில் செய்யும் நம் சகோதரர்களுக்கு

ஃபிலிம் ஒட்டுதல், கார் அலங்கார வேலை ஆகியவற்றில் நம் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். காரைத் திருப்பித் தரும்போது, விழுந்த புள்ளியை நீங்களே காட்டி, "இதை மாற்றித் தரட்டுமா?" என்று கேளுங்கள். ஈரத் தானியத்தை மேலே வைப்பது இதுதான். ஒரு கண்ணாடி ஃபிலிமின் நஷ்டம் அன்றோடு போகும். சம்பாதித்த நம்பிக்கையில் பரக்கத் இருக்கும். மறுவேலையின் செலவை உதவியாளனின் தினக்கூலியில் பிடிக்காதீர்கள்.

வீட்டில் பேசிப் பார்க்க

1. நம் வீட்டில் கடைசியாகக் கொடுத்த வேலைக்கு எழுத்து அல்லது பில் இருக்கிறதா?
2. யாரிடமாவது கேட்க வேண்டிய ஹக்கைக் கேட்காமல், அவரைப் பற்றி மற்றவரிடம் பேசிக்கொண்டிருக்கிறோமா?
3. நாம் செய்து கொடுத்த வேலையில் குறை இருந்து, யாராவது வாய் திறக்காமல் பொறுத்துக்கொண்டிருக்கிறார்களா?

மறுமையில் மனிதர்களின் ஹக்கு தொழுகையாளிகளையும் விட்டுவைக்காது. கேட்பதில் மென்மையையும் கொடுப்பதில் நேர்மையையும் வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.

செயலாளர்